மாமா ஏசுவார்

எனக்குப் பெயர் இருக்கிறது. தேசிய அடையாள அட்டையும் இருக்கிறது. தியேட்டருக்குள் போய்க் கதிரையில் சாய்ந்த கொஞ்ச நேரத்திலேயே இரண்டும் செல்லுபடியாகாமல் போய்விடும். பின்வரிசையிலிருந்து குரல் வரும்: "கத்தாதையடா அப்பன், அந்தா மாமா ஏசுவார்."

அந்த மாமா நான்தான்.

நான் வாய் திறக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பிள்ளைக்குக் காட்டியது என் பிடரியை. பிடரியைப் பார்த்து ஒருவனுடைய குணம் சொல்லும் சாத்திரத்தை எங்கே படித்தாரோ தெரியாது. அதுவரைக்கும் பிள்ளை பொப்கோர்ன் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு தன்பாட்டில் இருந்தது. இப்போதுதான் அதற்கு என்மேல் அக்கறை பிறக்கிறது.

"எந்த மாமா?"

"முன்னுக்கு இருக்கிற மொட்டை மாமா."

"ஏன் ஏசுவார்?"

"அவர் படம் பாக்கிறார் எல்லே."

"ஏன் தனியப் பாக்கிறார்? அவருக்கு ஆக்கள் இல்லையோ?"

இதற்குத் தகப்பனிடம் பதில் இல்லை. தாய் குனிந்து ஏதோ குசுகுசுத்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அன்று படம் முடியும்வரை கதாநாயகனின் பிரச்சினையைவிட அதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஏசுவதோடு இது நிற்காது. படம் ஏற ஏற என் கொடுமையும் ஏறும். முதல் பாட்டுக்குள் மாமா ஏசுவார். முதல் சண்டையில் மாமா அடிப்பார். பிளாஷ்பாக் தொடங்கும்போது மாமா பொலிசுக்குச் சொல்லுவார். இடைவேளைக்குக் கிட்ட வரும்போது மாமா பிள்ளையைச் சாக்குக்குள் போட்டுக் கொண்டுபோய்விடுவார். திரையில் வில்லனுக்குக்கூட இவ்வளவு வேகமான வளர்ச்சி கிடையாது. அவனுக்காவது கெட்டவனாக மாறியதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். தாயைக் கொன்றார்கள், காணியைப் பறித்தார்கள் என்று. எனக்கு அதுவும் இல்லை. நான் ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து இருந்தேன், அவ்வளவுதான்.

இவர் தானே ஏசினால் என்ன? மாட்டார். இவர் நல்ல தகப்பன். சின்ன வயதில் பூவரசந்தடியால் வாங்கிய அடியெல்லாம் நினைவில் இருக்கிறது. என் பிள்ளைமேல் கை வைக்கமாட்டேன், குரலும் உயர்த்தமாட்டேன் என்று முடிவெடுத்தவர். நல்ல முடிவுதான், நானும் மெச்சுகிறேன். ஆனால் ஏசுகிற வேலை வீட்டில் காலியாகிவிட்டதே, அதை யார் செய்வது? வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் டொக்டர் ஊசி போடுவார். பஸ்ஸில் கொண்டக்டர் இறக்கி விடுவார். வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அன்ரி ஏசுவா. நல்லூரில் திருவிழா நேரம் பார்த்தால் மேல்சட்டை இல்லாத மாமாமார் ஆயிரக்கணக்கில் நிற்பார்கள், எவரென்று காட்டுவது? அங்கே ஐயர் ஏசுவார். தியேட்டரில் இந்தக் குத்தகை எப்போதும் முன்வரிசைக்காரனுக்குத்தான் விழும். கூலி கிடையாது. கதிரையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் காலால் இரண்டரை மணித்தியாலம் உதை மட்டும் கிடைக்கும்.

நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது இந்தக் குத்தகையெல்லாம் தேவைப்படவில்லை. 'பொம்மர் வருது' என்றால் போதும், வாய் மூடிவிடும். சொன்னது பொய்யாகவும் இருக்காது. அதோடு ஒப்பிட்டால் நான் பரவாயில்லாத பூச்சாண்டி; குண்டு போடமாட்டேன்.

பிள்ளையை நான் குறை சொல்ல வரவில்லை. பிள்ளை கேட்கிற கேள்வி தகப்பன் காதோடு அடங்கிவிடுகிற கேள்வி. தகப்பன் சொல்கிற பதில்தான் கடைசி வரிசைச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒருநாள் கதாநாயகனின் நண்பர் கத்திக்குத்து வாங்கிச் சாய்கிறார். தியேட்டரே மூச்சு விடாமல் இருக்கிறது.

"அப்பா, உவர் செத்திட்டாரோ?"

"இல்லை ராசா, அவர் நடிக்கிறார்."

"அப்ப அந்த அன்ரி ஏன் அழுறா?"

"அவவும் நடிக்கிறா."

"இந்த மாமாவும் நடிக்கிறாரோ?"

"இல்லை. மாமா உண்மையா ஏசுவார்."

நண்பரின் சாவுக்கு அழ இருந்த நாலு வரிசை, சிரித்துவிட்டது. இயக்குநர் எத்தனை நாள் யோசித்து எடுத்த காட்சியோ.

இந்த வேலைக்கு ஒரு காலத்தில் முறையான ஆள் இருந்தார். வின்சர், வெலிங்டன், ராணி, மனோகரா, லிடோ என்று யாழ்ப்பாணத்தில் தியேட்டர்கள் நிறைந்திருந்த நாட்களில், ரிக்கற்றைக் கிழித்து இடம் காட்டுகிறவர் கையில் ஒரு ரோச் லைற் இருக்கும். கலரியில் யாராவது அளவுக்கு மிஞ்சினால் அந்த வெளிச்சம் நேரே முகத்தில் விழும். ஒரு சொல் கிடையாது. அந்த வரிசையே அடங்கிவிடும். விசிலுக்கு விலக்கு உண்டு, எம்ஜிஆர் வாளை உருவும்போது ரோச்காரரும் சேர்ந்து விசிலடிப்பார். இப்போது கதிரை மெத்தையாகிவிட்டது, ரிக்கற் போனில் வருகிறது, ரோச் லைற்றும் போனுக்குள் போய்விட்டது. அந்தப் பதவியைத்தான், விண்ணப்பம் போடாத எனக்கு, இவர் தந்திருக்கிறார்.

இவருடைய தொண்டை இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. அதை நினைத்தால் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கும். 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் போனது. தியேட்டருக்குப் போகிற வயதில் இவருக்குத் தியேட்டர் இல்லை. படம் என்றால் யாராவது ஒருவருடைய வீட்டு முற்றம். ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு வரும். கல்யாண வீடோ சாமத்திய வீடோ, சும்மா ஒரு சனிக்கிழமையோ. முதலில் ஒரு சாமிப்படம், பிறகு ரஜினி, விடியப்புறம் பழைய சிவாஜி. முன்னுக்குப் பாயில் சின்னனுகள், பின்னுக்கு வாங்கில் ஆச்சிமார், வேலிக்கு அப்பால் அழைக்கப்படாதவர்கள். கோடிப்புறத்தில் ஜெனரேற்றர் போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கும் கத்தவேண்டும். "உவன் ஆர், நல்லவனோ கெட்டவனோ?" என்று ஆச்சி கேட்பா. "கெட்டவனணை, பேந்து திருந்துவான்" என்று வேலிக்கு அப்பாலிருந்து பதில் வரும். அதை யாரும் இடைஞ்சல் என்று நினைத்ததில்லை. அதுவும் படத்தில் ஒரு பகுதி. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான சாமான், யானை விலை. அது முடிகிற இடத்தில் படமும் முடியும். வில்லன் சாகாமலே எல்லோரும் பாயைச் சுருட்டுவார்கள். எத்தனையோ படத்தின் முடிவு தெரியாமல் வளர்ந்த பெடியன்தான் இன்று பின்வரிசையில் தகப்பனாக இருந்து, தெரிந்த முடிவையெல்லாம் முன்கூட்டியே உரத்துச் சொல்கிறார்.

அதற்கும் முந்தி எங்கள் ஆட்கள் எப்படிப் பார்த்தார்கள்? நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக விடிய விடிய ஆடிய கோயில் வீதிகளில், பாயும் போர்வையும் கச்சானும் பிள்ளையுமாகத்தான் குடும்பங்கள் போய் இருந்தன. மயான காண்டத்தில் சந்திரமதி செத்த மகனுக்காக அழும்போது, சொந்த மகனைப் பாயில் நித்திரையாக்கிவிட்டுத் தாய்மார் கூட அழுதார்கள். பிள்ளை முழித்து வீரிட்டால் தூக்கிக்கொண்டு வீதியோரம் போய் ஆற்றிவிட்டு வர இடம் இருந்தது. 2013 இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்து, குளிரூட்டிய அரங்குகள் வந்தபோது எல்லாம் மாறும் என்று நினைத்தோம். மாறியது. ஜெனரேற்றர் சத்தம் போய்விட்டது. அதை மீறிக் கத்திப் பழகிய தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

கேரளத்துக்காரர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2022 இல் திருவனந்தபுரத்தில், அரசாங்கத்தின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர் வளாகத்தில் 'அழுகை அறை' என்று ஒன்றைத் திறந்தார்கள். சத்தம் வெளியே போகாத அறை. உள்ளே தொட்டில், பிள்ளைக்குப் பம்பஸ் மாற்ற வசதி, பெற்றோர் கண்ணாடியால் படம் பார்க்கலாம். இங்கிலாந்தில் பிக்சர்ஹவுஸ் தியேட்டர்களில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்றே காட்சி நடத்துகிறார்கள். அதற்கு 'பிக் ஸ்க்ரீம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பெரிய அலறல். இரண்டும் எங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் இங்கே அந்தக் கண்ணாடி அறைக்குள் போகவேண்டியவர் யார் என்பதில் கேரளத்தாரோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளையை என் பக்கத்தில் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். இரவு பத்து மணிக் காட்சிக்கு, தலை உருளுகிற படத்துக்கு, மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்குப் பொறுக்காது. 2025 ஆகஸ்டில் வந்த ரஜினியின் 'கூலி'க்கு இந்தியத் தணிக்கைக்காரர் 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். சிறுவர்களோடு போன குடும்பங்களைத் தியேட்டர் வாசலில் மறித்தார்கள். 'யு/ஏ' தாருங்கள் என்று தயாரிப்பாளர் சன் பிக்சர்ஸ் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, மனு தள்ளுபடி. எங்கள் ஊரில் 'கண்டிப்பாக வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று போஸ்டரில் இருப்பதை நின்று வாசிக்கிற ஒரே ஆள், எழுத்துக் கூட்டப் பழகுகிற பிள்ளைதான். உள்ளே ஸ்பீக்கர் இடிக்கிற இடியில் எனக்கே நெஞ்சு அதிருகிறது. பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைத் தாயின் சீலைக்குள் புதைத்து, வீட்டை போவம், வீட்டை போவம் என்று அழுகிறது. அந்த மண்டபத்தில் அந்த நேரம் புத்தியோடு பேசிய ஒரே ஆள் அது. அதற்குப் போய், மாமா ஏசுவார் என்கிறார்கள். ஓம், ஏசத்தான் வேண்டும் போல இருந்தது. பிள்ளையை அல்ல.

அந்தப் பிள்ளைக்கு இடைவேளையில் ஒரு ஐஸ்கிறீமும் அரை றோல்ஸும் கிடைத்தன. விளக்கு அணைந்ததும் தகப்பன் தோளில் நித்திரையாகிவிட்டது. நானும் பூச்சாண்டி உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, காலை நீட்டிக்கொண்டு படத்துக்குள் நுழைந்தேன்.

பின்னுக்கு போன் அடித்தது.

"ஓம் மச்சான், சொல்லு... இல்லையில்லை, படத்துக்கு வந்தனாங்கள்... பரவாயில்லை, நீ சொல்லு." ஸ்காபரோவில் பகல். அங்கே மச்சானுக்கு வேலை இல்லாத நாள் போலிருக்கிறது. காணி விஷயம், சித்தியின் முழங்கால், யாருக்கோ பொம்பிளை பார்ப்பது எல்லாம் ஒழுங்காக நடந்து முடிந்தன. பிறகு, "பொறு, காட்டுறன்" என்று போன் திரைப்பக்கம் திரும்பியது. அதன் வெளிச்சம் என் மொட்டையில் பட்டு அடுத்த வரிசைக்குப் போனது. "பார், தலைவர்ரை சண்டை." கனடாவின் குரல் ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது: "உதை நாங்கள் முந்தநாளே பாத்திட்டம் மச்சான். கடைசியிலை அந்தப் பொலிஸ்காரன்தான் ஆள்."

மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. எங்கோ முன்னுக்கிருந்து ஒரு பெடியன் எழுதமுடியாத சொல் ஒன்றைச் சொன்னான். இவர் அவசரமாகக் குரலைத் தாழ்த்தி, "சரி சரி, பேந்து எடு, இஞ்சை ஆக்கள் ஏசுகினம்" என்றார். அப்போதும் ஏசியது நாங்கள்தான்.

படம் முடிந்து மோட்டார்சைக்கிள் எடுக்கிற இடத்தில் எனக்குப் பக்கத்திலேயே நின்றார். முன்பக்கமிருந்து பார்க்க நல்ல முகம். தோளில் கிடந்த பிள்ளை அசையவில்லை. தாய் முந்தானையால் அதன் வாயோரத்து ஐஸ்கிறீமைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இவர் சிரித்தார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்களுக்கும் சரியான கரைச்சல். என்ன செய்யிறது, இவன் என்னை ஒரு சீன் ஒழுங்காப் பாக்க விட்டால்தானே!"