யாரு படிலே அது?

ஏலே பேராண்டி, நீ பெரிய இன்சினியரு. டல்லாஸ்ல வானத்தைத் தொடுத கட்டடத்துக்கெல்லாம் கணக்குப் போடுதவன். உனக்குப் போயி நான் அளக்கச் சொல்லிக்கொடுக்க முடியுமா? ஆனாலும் மூணு மாசம் படியளந்த வீட்டுக்கு ஒரு விசுவாசம் வேணும்லா? அதான் சொல்லுதேன்.

முதல்ல அந்தச் சோறு. ரைஸ் குக்கரோட வந்த பிளாஸ்டிக் கப்பை எங்கேயோ தொலைச்சிட்டே. வளையத்துல கோத்து வச்சிருக்கியே எவர்சில்வர் கப்பு, அதுல ரெண்டு கப்பு அரிசி போட்டே. தண்ணிய மட்டும் பானைக்குள்ள இருக்க ரெண்டாங்கோடு வரைக்கும் ஊத்துனே. குக்கர் கப்பு 180 மில்லி, அமெரிக்கக் கப்பு 237. அரிசிக்கு ஒரு படி, தண்ணிக்கு ஒரு படி! சோறு பல்லுல நறுக்குன்னுச்சு. கடைக்காரன் பழைய அரிசியத் தள்ளிவிட்டுட்டான்னு நீ ஏசுனே. நானும் ஆமாப்பான்னு தலையாட்டுனேன். வந்த இடத்துல வேற என்ன செய்ய?

அப்புறம் பால். ஒரு கேலன் எத்தனை லிட்டருன்னு கேட்டேன். உடனே செல்லைத் தடவ ஆரம்பிச்சிட்டே. நான் கேனைத் திருப்பிப் பாத்தேன். 3.78 லிட்டர்னு அவனே அச்சடிச்சிருக்கான்!

செல்லுல சார்ஜு தீந்துட்டா என்ன செய்வே? இப்படி வச்சுக்கோ. நாலு லிட்டர்ல ஒரு தம்ளர் குறைஞ்சா கேலன். அதுல கால்வாசி குவார்ட்; 946 மில்லி, நம்ம லிட்டருக்குத் தம்பி. அதுல பாதி பைண்ட், பைண்டுல பாதி கப்பு. ஒங்க ஆச்சி நாழியில பாதி உரி, உரியில பாதி உழக்குன்னு அளந்தா பட்டிக்காடு. அமெரிக்காக்காரன் அளந்தா நாகரிகம்!

லண்டன்ல இருக்க மச்சான்கிட்ட மட்டும் கேலன் கணக்குப் பேசிராதே. அவன் ஊரு கேலன் 4.546 லிட்டர். 1707ல, ஆன் ராணி காலத்துல, ஒயினுக்குன்னு சட்டம் போட்டு வச்ச கேலனைத்தான் அமெரிக்கா இன்னும் கட்டிக்கிட்டு அழுது. இங்கிலாந்துக்காரன் 1824லயே பெரிய படிக்கு மாறிட்டான். பெத்தவன் படிய மாத்திட்டான். தனிக்குடித்தனம் போன மகன் கொண்டுபோன படிய விடலை.

கொள்ளுப்பேத்திக்கு மருந்து கொடுக்கையில மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம்லே. டீஸ்பூனு 5 மில்லி, டேபிள்ஸ்பூனு 15. பேரு மாறுனா மருந்து மூணு மடங்கு. மருந்தோட வந்த, மில்லிக் கோடு போட்ட சிரிஞ்சியிலேயே அளந்து கொடு.

எங்கப்பா, நெல்லளக்க எவன் வந்தாலும் முதல்ல அவன் படிய வாங்கித்தான் திருப்பிப் பாப்பாரு. கப்புன்னு எவன் சொன்னாலும் நீயும் யாரு கப்புன்னு கேளு.

இன்னொண்ணு. அந்தப் பிளாஸ்டிக் கப்பை இனிமே தேட வேண்டாம். நான் வந்த ரெண்டாம் நாளே என் பெட்டிக்குள்ள போயிட்டு. ஆச்சிக்கு ரவை அளக்க அம்சமா இருக்காம்.