ரெண்டெழுத்து மந்திரம்

சைவருக்கு ஐந்தெழுத்து. வைணவருக்கு எட்டெழுத்து. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பிழைக்கும் கம்ப்யூட்டர்காரருக்கு இரண்டே எழுத்து. கோப்புகளைப் பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, இடம் மாற்ற எம்வி, ஒழித்துக்கட்ட ஆர்எம். ஏன் இத்தனை சுருக்கம் என்று கேட்டால் சீடகோடிகள் கண்ணை மூடிக்கொண்டு எளிமை, தத்துவம், அழகியல் என்று உபந்நியாசம் ஆரம்பிப்பார்கள். நம்பாதீர்கள். காரணம் விரல் வலி. சோம்பல் என்றும் சொல்லலாம். இது அந்தச் சோம்பலின் ஸ்தல புராணம்.

ஸ்தலம், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகம். காலம் 1969. எல்லாப் புராணத்தையும் போல இதற்கும் முன்னால் ஒரு பிரளயம் உண்டு. எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான இயங்குதளத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. மூன்று சம்பந்திகள் கூடி ஒரு கல்யாணத்துக்குச் சாப்பாட்டுப் பட்டியல் போட்டால் என்ன ஆகும்? பந்தல் பெரிதாகிக்கொண்டே போனது, இலை போட்டபாடில்லை. 1969-இல் பெல் ஆய்வகம் தாம்பூலப் பைகூட வாங்காமல் வெளியேறியது.

அந்தக் கல்யாணத்தில் வேலை பார்த்த கென் தாம்ப்சனுக்கு இப்போது கையில் நேரம் இருந்தது. 'ஸ்பேஸ் டிராவல்' என்று தானே எழுதிய ஒரு விளையாட்டும் இருந்தது. ஆய்வகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் அதை ஒரு தடவை ஆடினால் 75 டாலர் அளவுக்குக் கணக்கில் ஏறியது. ஆபீஸ் காசில் ஆடினாலும் ஒரு கூச்சம் வேண்டாமா? சீந்த ஆளில்லாமல் கிடந்த பிடிபி-7 என்ற பழைய யந்திரத்தைக் கண்டுபிடித்து, விளையாட்டை அதற்கு மாற்றினார் தாம்ப்சன். சக ஊழியர் டென்னிஸ் ரிட்சியும் கூடச் சேர்ந்தார்.

அந்தச் சமயம் பார்த்து தாம்ப்சனின் மனைவி, கைக்குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் காட்ட மூன்று வாரம் கலிஃபோர்னியா போனார். வீட்டுக்காரி ஊருக்குப் போனால் நம்மவர்கள் மூன்று வாரம் பாத்திரம் கழுவாமல் இருப்பார்கள். தாம்ப்சன் வாரத்துக்கு ஒன்றாக எடிட்டர், அசெம்ப்ளர், கர்னல் என்று ஒரு இயங்குதளத்தின் உறுப்புகளையே எழுதி முடித்துவிட்டார். குழந்தை திரும்பி வந்தபோது வீட்டில் அதற்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். 'மல்டி' என்றால் பல, 'யூனி' என்றால் ஒன்று. மல்டிக்ஸுக்கு எதிர்ப்பாட்டாக இதற்கு யூனிக்ஸ் என்று பெயர். பெயரே ஒரு நையாண்டி.

இப்போது விரல் வலிக்கு வருவோம். தாம்ப்சன் உட்கார்ந்து தட்ட, தாடியும் கையுமாக ரிட்சி பக்கத்தில் நிற்கும் ஒரு பழைய புகைப்படம் பிரசித்தம். அதில் இருப்பதைக் கீபோர்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது டெலிடைப் மாடல் 33. தந்தி ஆபீஸ் வம்சம். திரை கிடையாது, காகிதச் சுருள்தான். நீங்கள் அடிப்பதும் கம்ப்யூட்டர் பதில் சொல்வதும் அதே காகிதத்தில் தடதடவென்று விழும். வேகம், நொடிக்குப் பத்து எழுத்து. ஒவ்வொரு விசையையும் அழுத்துவது உரலில் உலக்கை போடுவது மாதிரி. எச்சரிக்கை மணி என்றால் உள்ளே நிஜமாகவே ஒரு மணி இருந்தது. வரி முடிந்ததும் அச்சுத் தலை இடது ஓரத்துக்கு ஓடி வர நேரம் பிடிக்கும். அதனால் 'திரும்பி வா' என்று ஒரு குறி, 'ஒரு வரி கீழே இறங்கு' என்று இன்னொரு குறி. டெலிடைப் செத்து எத்தனையோ வருஷம் ஆகியும், விண்டோஸ் இன்றுவரை உரைக் கோப்பின் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் இந்த இரண்டு குறிகளையும் போட்டுத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட யந்திரத்தில் 'லிஸ்ட்' என்று நாலெழுத்து அடிக்க யாருக்கு மனசு வரும்? இரண்டாக வெட்டினார்கள். கோப்பை உருவாக்க நிரல்கள் கர்னலிடம் விடுக்கும் 'கிரியேட்' அழைப்பில் கடைசி 'இ'யைக்கூட விட்டுவிட்டார்கள். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று பிற்காலத்தில் தாம்ப்சனைக் கேட்டபோது, அந்த 'இ'யைச் சேர்ப்பேன் என்றார். ஒரு எழுத்து கஞ்சத்தனம், ஆயுசு பூராவும் உறுத்தல்.

பதிலிலும் அதே கஞ்சத்தனம். தாம்ப்சன் எழுதிய ஈடி என்ற எடிட்டர், நீங்கள் என்ன தப்பு செய்தாலும் ஒரே ஒரு '?' போடும். எங்கே தப்பு, என்ன தப்பு என்று விளக்கம் கிடையாது. வேலை சரியாக முடிந்தாலோ அதுவும் வராது. எங்கள் தாத்தா இப்படித்தான் சாப்பிடுவார். சமையல் நன்றாக இருந்தால் பேசாமல் எழுந்து கை கழுவுவார். உப்பு குறைந்தால்தான் வாயைத் திறப்பார். யூனிக்ஸ் கட்டளைகள் தாத்தா ஜாதி.

புது யந்திரம் வாங்கப் பணம் வேண்டியிருந்தது. இயங்குதளம் எழுதப்போகிறோம் என்றால் மல்டிக்ஸில் சூடு கண்ட மேலிடம் தலையிலடித்துக்கொள்ளும். ஆகவே, காப்புரிமைப் பிரிவுக்கு விண்ணப்பங்களை டைப் அடிக்க வசதி செய்து தருகிறோம் என்றார்கள். பிடிபி-11 வந்தது. சொன்ன வாக்கையும் காப்பாற்றினார்கள் என்பது வேறு விஷயம். 'கம்பைண்ட் ஸ்டடி' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனவர்களுக்கு இந்த உத்தி புரியும்.

அடுத்தது குழாய்க் காண்டம். ஒரு கட்டளையின் விளைச்சலை அடுத்ததற்குள் தோட்டத்து ரப்பர்க் குழாயை மாட்டுவது போல மாட்ட வேண்டும் என்று அதே ஆய்வகத்தின் டக் மக்கில்ராய் 1964-லேயே எழுதி வைத்தார். வருஷக்கணக்கில் நச்சரித்தார். 1973-இல் தாம்ப்சன் ஒரே ராத்திரியில் செய்து கொடுத்தார். கோப்புகளைப் பட்டியலிடு, அளவுப்படி அடுக்கு, முதல் பத்தை மட்டும் காட்டு என்று மூன்று கட்டளைகளை நடுவில் ஒரு நெட்டைக் கோடு போட்டு இணைத்தால் தீர்ந்தது வேலை. மூன்று சோம்பேறிகள் வரிசையில் நின்று செங்கல் கைமாற்றுகிற மாதிரி.

பிறகு, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். 1979-இல் வெளியான ஷெல்லை எழுதிய ஸ்டீவ் போர்ன், ஆல்கால் என்ற நிரல் மொழிப் பிரியர். அந்த மொழி வழக்கப்படி 'இஃப்' என்று திறந்ததை அதையே தலைகீழாக்கி 'ஃபி' என்று மூடினார். 'கேஸ்' திறந்தால் 'எசாக்'. அந்தக் கணக்கில் 'டூ'வை 'ஓடி' என்றுதான் மூடியிருக்க வேண்டும். ஆனால் ஓடி என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை துண்டு போட்டு சீட் பிடித்திருந்தது. வேறு வழியில்லாமல் 'டன்' என்று முடித்தார். இன்று படிக்க வருகிற பிள்ளைகள் இதில் என்ன தர்க்கம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தர்க்கம் ஏதுமில்லை தம்பி, துண்டுதான்.

துண்டு போடுவது மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளத்திலும் நடந்தது. 1981-இல் வந்த முதல் டாஸில் சாய்கோட்டைக் கட்டளையின் விருப்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1983-இல் கோப்புறை வந்தபோது, பாதையைப் பிரிக்க யூனிக்ஸ் போடும் அந்தச் சாய்கோடு காலியில்லை. எதிர்ப்பக்கம் சாய்ந்த கோட்டைப் பிடித்தார்கள். அந்த டாஸைத்தான் தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டரில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஏ.சி. குளிரில் பக்தியோடு கற்றுக்கொண்டோம். முதல் நாள் மரியாதையாக 'ஹலோ' என்று அடித்தேன். 'கெட்ட கட்டளை' என்றது. வணக்கம் சொன்னதற்கே திட்டு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. யூனிக்ஸைத் தாத்தா என்றும் மவுஸைப் பேரன் என்றும் எல்லோரும் நினைக்கிறார்கள். டக்ளஸ் எங்கல்பர்ட் சான் ஃபிரான்சிஸ்கோவில் மேடையேறி மவுஸை நகர்த்திக் காட்டியது 1968 டிசம்பர் 9-இல். அன்று யூனிக்ஸ் பிறக்கவே இல்லை. மவுஸ்தான் பெரியப்பா.

சோம்பலுக்கு ஒரு விலையும் உண்டு. தாத்தா ஜாதிக் கட்டளை 'நிச்சயமா?' என்று கேட்காது. 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தப்பான இடத்தில் ஆர்எம் கட்டளையை ஓட்ட, 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தன. காப்பு நகலைத் தேடினால் அதுவும் பழுது. பிள்ளை பெற்று வீட்டிலிருந்தே வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரியின் கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரின் பின் சீட்டில் வைத்து, பச்சைக் குழந்தையைப் போல மெதுவாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். படம் பிழைத்தது.

ஆகவே மகாஜனங்களே, ஆர்எம் அடிக்கும் முன் பிடபிள்யூடி என்று ஒரு தடவை அடியுங்கள். பொதுப்பணித் துறையைக் கூப்பிடச் சொல்லவில்லை. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் கட்டளை அது. மூன்றெழுத்துதான். சோம்பல்படாதீர்கள்.