இடது காலுக்கு வேலை கிடைத்தது

வீட்டு எக்ஸெல்லிலிருந்து கியர் வண்டிக்கு மாறப்போகிற பையனை ஒரு வருஷம் முன்னதாகவே கண்டுபிடித்துவிடலாம். நேற்றுவரை நோய்நொடி இல்லாமல் ஓடிய எக்ஸெல்லுக்கு அவன் வாயால் வியாதிகள் வரத் தொடங்கும். "மேட்டுல இழுக்க மாட்டேங்குதுப்பா." "காலையில ஸ்டார்ட்டே ஆகலப்பா." "சைலன்சர் சத்தம் ஒரு மாதிரி இருக்குப்பா." அப்பா எழுந்து போய் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்வார். அதே மேட்டில் மூன்று தக்காளிப் பெட்டியோடு ஏறி இறங்கி வருவார். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பேப்பரை விரிப்பார். பையன் அடுத்த வியாதியைத் தேடக் கிளம்புவான்.

ஒட்டன்சத்திரம் பக்கம் இவனை நிறையப் பார்க்கலாம். காய்கறிச் சந்தையை நம்பிப் பிழைக்கிற ஊர்ப்பக்கம். எக்ஸெல் நிற்காத தோட்டத்து வீடு அபூர்வம். 1980இல் ஓசூரிலிருந்து எக்ஸெல்லின் முன்னோடியான டிவிஎஸ் 50 புறப்பட்டு வந்தபோது, இரண்டு பேர் உட்காரலாம் என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது. இந்தியாவில் அதற்குமுன் இரண்டு பேருக்கான மொபெட் கிடையாது. நம் ஜனங்கள் அந்த ‘இரண்டு பேர்’ என்பதைக் கம்பெனி சொன்ன முதல் விலையாக எடுத்துக்கொண்டு பேரத்தைத் தொடங்கினார்கள். காலடியில் தீவன மூட்டை, மூட்டைமேல் ஒரு குழந்தை, பின்னால் மனைவி, மனைவி மடியில் இன்னொன்று. பின்சீட்டைக் கழற்றிவிட்டால் பால்கேன், கேஸ் சிலிண்டர், வாழைத்தார், சமயத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. காலம் போகப் போகப் பெடல் போயிற்று, ஆயில் கலந்த பெட்ரோல் போயிற்று, 2015இல் நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸெல் வந்து அந்தப் புகையும் போயிற்று. மூட்டை மட்டும் எங்கும் போகவில்லை.

ஆகவே எக்ஸெல் இருக்கிற வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்த பையன் என்றால், சம்பளம் இல்லாத டெம்போ டிரைவர் என்று பொருள். "சும்மாதானே இருக்கே, அந்தத் தவிட்டு மூட்டையை எடுத்துட்டு வந்துரு" என்பார்கள். அவன் சும்மா இல்லை என்பதை நிரூபிக்க அவனிடம் ஆதாரம் எதுவும் இருக்காது. தவிட்டு மூட்டையைக்கூட அவன் மன்னித்துவிடுவான். இரண்டு கட்டு முருங்கைக்காயைக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு காலேஜ் பஸ் நிற்கிற இடத்தைக் கடக்க நேர்ந்த அந்தக் காலை இருக்கிறதே, அதை மன்னிக்க மாட்டான். பைக் வாங்கியே தீர்வது என்ற முடிவு அநேகமாக அங்கேதான் எடுக்கப்படுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அதை அவனுக்குச் சொல்லத் தெரியாது. எக்ஸெல்லில் முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். உள்ளே கிளட்ச் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்ஜின் வேகம் ஏறும்போது அதன் கட்டைகள் தாமாகவே விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் தாமாகவே சுருங்கி விட்டுவிடும். ஓட்டுகிறவனை ஒரு வார்த்தை கேட்காது. வீட்டில்தான் இவனைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை என்றால், வண்டியிலுமா? கியர் வண்டியோ நிமிஷத்துக்கு ஒருமுறை இவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்கிறது. செகண்டா, தேர்டா? இப்போதா, கொஞ்சம் பொறுத்தா? இத்தனை மரியாதையாக அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கிற பையன்கள் இந்த மரியாதைக்கு மயங்குவதில் வியப்பில்லை. அவனுக்கு வேலை கிடைக்கிறதோ இல்லையோ, அவனுடைய இடது கைக்கும் இடது காலுக்கும் ஒரே நாளில் உத்தியோகம் கிடைத்துவிடுகிறது.

எந்த வண்டி என்பதில் ஒரு தகராறு நடக்கும். 1994இல் வந்த ஸ்ப்ளெண்டர் அப்பாக்கள் சம்மதிக்கிற வண்டி. 2001இல் வந்த பல்சர் பிள்ளைகள் கேட்கிற வண்டி. "மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்று அப்பா கேட்பார், "பிக்கப் சூப்பர்ப்பா" என்று இவன் பதில் சொல்வான். இரண்டும் வெவ்வேறு மொழி என்பதால் பேச்சு முன்னேறாது. கடைசியில் அம்மாவின் சீட்டுப் பணம் குறுக்கே புகுந்து, செகண்ட் ஹேண்ட் பல்சர் என்று தீர்ப்பாகும். புரோக்கர் அதை "சிங்கிள் ஓனர், டாக்டர் வெச்சிருந்த வண்டி" என்பார். பழைய பைக்குகள் விற்கிற இடத்தில் விசாரித்துப் பார்த்தால், நம் மாவட்டத்து டாக்டர்கள் ஒருவர்கூடக் கார் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

பயிற்சி, தண்ணீர் வற்றிய குளத்துக்குள் நடக்கும். வாத்தியார், மூன்று மாதம் முன்னால் பைக் வாங்கிய இன்னொருவன். பாடம் ஒரே வரிதான்: "கிளட்சை மெள்ள விடுறா." எவ்வளவு மெள்ள என்பதை உலகத்தில் எந்த வாத்தியாரும் விளக்கியதில்லை. இவன் விடுவான், வண்டி ஒரு துள்ளு துள்ளி ஆஃப் ஆகும். "மெள்ளன்னு சொன்னேன்ல?" மறுபடி விடுவான், மறுபடி துள்ளும். மூன்றாம் தடவை பயந்துபோய்க் கிளட்சை விடவே மாட்டான். இன்ஜின் ஊரைக் கூட்ட, வண்டி நின்ற இடத்தில் நிற்க, கிளட்ச் தட்டுகள் தேயும் வாசனை மட்டும் முன்னேறிச் செல்லும்.

இது போதாதென்று, பயிற்சி நடந்தது வாத்தியாரின் பழைய ஸ்ப்ளெண்டரில். அதில் நாலு கியரும் முன்பக்கமாக மிதித்துத்தான் போட வேண்டும். பல்சரில் ஒன்று கீழே, மற்ற நாலும் மேலே. ஸ்ப்ளெண்டரில் பழகிய கால் பல்சரில் தேர்டில் போய்க்கொண்டிருக்கும்போது, டாப் கியர் போடுகிற நினைப்பில் ஒரு மிதி மிதிக்கும். வண்டி செகண்டுக்கு இறங்கி அலறும். ஓட்டுகிறவன் பெட்ரோல் டேங்க்கின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பான். "ரோடு மோசம்" என்பான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இடது கைதான். எக்ஸெல்லில் பிரேக்குகள் இரண்டுமே கையில். இடது கைப்பிடி பின்சக்கரத்து பிரேக். கியர் வண்டியில் அந்த இடத்தில் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது, பின் பிரேக் வலது காலுக்குப் போய்விட்டது. குறுக்கே ஓர் எருமை வந்தால், பத்து வருஷம் எக்ஸெல்லில் வளர்ந்த இடது கை யாரையும் கேட்காமல் இறுக்கிப் பிடிக்கும். எக்ஸெல் என்றால் நின்றிருக்கும். பைக்கில் அதற்கு நேர்மாறு: இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு அறுந்து, இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் வண்டி முன்னைவிட உல்லாசமாக உருண்டு போகும். எருமைகள் இந்த விவரம் தெரிந்தவை. நம் பக்கத்து எருமைகள் புதுப் பைக்கைக் கண்டால் சற்று வேகமாக நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அரங்கேற்றம் கோயில் வாசலில். மாலை போட்டாயிற்று, சந்தனம் வைத்தாயிற்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான். அப்பா, அம்மா, அப்பத்தா, பூசாரி, வேலையாய் வந்த நாலு பேர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிளட்ச், ஃபர்ஸ்ட், மெள்ள. துள்ளல், ஆஃப். மறுபடி துள்ளல், ஆஃப். எலுமிச்சம்பழத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த பூசைக்கு ஒரு டிராக்டர் காத்திருக்கிறது. கடைசியில் பூசாரியும் அப்பாவும் பின்னாலிருந்து தள்ள, பழம் ஒருவழியாக உயிரைவிடும்.

ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அதன்பிறகுதான் சொற்சித்திரத்துக்கு உரிய ஆளாக அவன் மாறுகிறான். பேச்சில் கியர் இல்லாமல் வாக்கியம் வராது. பழனிக்குப் போய்வந்தால் சாமியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டான். "பழனி ரோட்டுல டாப்லயே வந்தேன்டா" என்பான். கொடைக்கானலுக்கு ஒருமுறை போய்வருவது இந்தப் பருவத்தில் கட்டாயம். ஏரியையும் பார்த்திருப்பான்தான், ஆனால் விவரிப்பதெல்லாம் வளைவுகளை. எந்த வளைவில் செகண்ட், எந்த வளைவில் ஃபர்ஸ்ட். ஸ்கூட்டியில் போகிறவர்களைப் பார்த்தால் முகத்தில் ஓர் இரக்கம் வரும். "கியர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியாடா?" என்று கேட்கும்போது, தான் சைவத்துக்கு மாறிவிட்டதை அசைவ ஓட்டல் வாசலில் நின்று அறிவிக்கிறவனின் தொனி இருக்கும்.

சிக்னலில் நின்றால் நியூட்ரல் தேடுவான். ஃபர்ஸ்டுக்கும் செகண்டுக்கும் நடுவே அரை மிதியில் ஒளிந்திருக்கும் சமாசாரம் அது. கொஞ்சம் பலமாகத் தட்டினால் செகண்ட், திரும்பத் தட்டினால் ஃபர்ஸ்ட். வெயிலில் அந்தப் பச்சை விளக்கு எரிவது தெரியாது. மீட்டரைக் கையால் மறைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பான். அகப்பட்டதும் நிமிர்ந்து இரண்டு முறுக்கு முறுக்குவான். அதற்குள் மேலே இன்னொரு பச்சை விளக்கு எரிந்து பின்னால் எல்லோரும் ஹார்ன் அடிக்கிறார்கள் என்பது அப்புறம்தான் தெரியும்.

வீட்டு வேலையிலிருந்து அவனுக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. "மூட்டையை எங்கம்மா வைக்கறது? டேங்க்தானே இருக்கு" என்று வருத்தம் தோய்ந்த குரலில் சொல்வான். வாங்கிய மூன்றாம் நாளே சேலை கார்டைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பான். அது இருந்தால் வண்டி குடும்பஸ்தன் வண்டி மாதிரி தெரிகிறதாம். ஆக, சீட்டுப் பணம் போட்ட அம்மாவால் அந்த வண்டியில் உட்கார முடியாது. பணம் கொடுத்தவருக்கு இடமில்லாத நிறுவனங்கள் நாட்டில் வேறும் இருப்பதால் அம்மா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவின் எக்ஸெல்லில் ஏறிப் போய்விடுவாள்.

லைசென்ஸ் எடுக்கப் போகிற அன்று மட்டும் கொஞ்சம் பணிவு வரும். உரிமத்திலேயே கியர் உள்ள வண்டி, கியர் இல்லாத வண்டி என்று இரண்டு வகுப்பு உண்டு என்பதில் அவனுக்குத் தனி மகிழ்ச்சி. அப்பாவுக்கு இந்த அரசியல் புரியாது, "எக்ஸெல்லுக்கு எதுக்குடா லைசென்சு?" என்று நேற்றுவரை கேட்டவர். ஐம்பது சிசிக்கு மேற்படாத வண்டியைப் பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டம் தருகிற சலுகையும் நூறு சிசி எக்ஸெல்லுக்குக் கிடையாது, பதினெட்டு ஆக வேண்டும், லைசென்ஸும் வேண்டும். ஆர்டிஓ ஆபீஸுக்குப் போனால் ‘எட்டு’ போடச் சொல்வார்கள். அஞ்சு கியர் வண்டி வாங்கியவன் தன் தகுதியை முதல் கியரிலேயே, நடக்கிற வேகத்தில், கால் ஊன்றாமல் நிரூபிக்க வேண்டும். எக்ஸெல்லில் இரண்டு காலையும் தரையில் தேய்த்து நிறுத்திப் பழகிய பிள்ளைகளுக்கு இது மகா கொடுமை. எட்டின் இடுப்பருகே வரும்போது கால் தானாக இறங்கும். ஆய்வாளர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

இவனுடைய கர்வத்துக்கு ஊரில் ஒரே மருந்து பெரியப்பாதான். அவரிடம் பழைய புல்லட் இருக்கிறது. 1955இல் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய குலம். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒன்று மேலே, மூன்று கீழே. நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு மிதி வேறு. "ஸ்டார்ட் பண்றதுக்கே முள்ளு நடுவுக்கு வரணும், டிகம்ப்ரஸரை அமுக்கணும், அப்புறம்தான் உதைக்கணும். தப்பா உதைச்சா அது திருப்பி உதைக்கும், தெரியுமா? உன்னோடதுல என்ன, பட்டனா?" என்று கேட்பார். பையன் செல்ஃப் ஸ்டார்ட் பட்டனைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வான். பெரியப்பாவின் கணக்கில் பல்சரும் எக்ஸெல்லும் ஒரே இனம்.

போன வெள்ளிக்கிழமை நடந்தது இது. பைக்கில் பெட்ரோல் இல்லை, பையில் பணமும் இல்லை. அப்பத்தாவைச் சந்தைக்குக் கூட்டிப்போயே ஆக வேண்டும். வேறு வழியில்லாமல் எக்ஸெல்லை எடுத்தான். காலடியில் கத்திரிக்காய்ச் சாக்கு, பின்னால் அப்பத்தா, அவள் மடியில் முட்டை டிரே. மெயின் ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் இடது கால் அடுத்த கியரைத் தூக்கப் போய்க் கத்திரிக்காய்ச் சாக்கை ஓர் எத்து எத்தியது. அதே விநாடியில் இடது கை, கிளட்ச் என்று நினைத்து, அங்கே இருந்த பிரேக்கை முழுசாகப் பிடித்தது. வண்டி நின்றது. முட்டைகள் நிற்கவில்லை.

அப்பத்தா அவன் முதுகிலிருந்து முகத்தை எடுத்தாள். சேலைத் தலைப்பால் மஞ்சள் கருவைத் துடைத்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த வண்டிதான் உனக்கு வரலைன்னு கோயில்லயே பார்த்தேன். இதையும் மறந்துட்டியாடா?"