58 டிகிரி வேண்டி ஒரு மனு

பெறுநர்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புது தில்லி.
பொருள்: கல்வராயன் மலைக்கு வெப்பம் ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கரண்டி, உறிஞ்சுகுழலுக்கெல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தமிழ்நாடு 2019 ஜனவரி 1-லேயே முந்திக்கொண்டது. ஆனால் ‘மட்கும் பிளாஸ்டிக்’ என்றால் உங்கள் விதி எழுந்து நின்று வழிவிடுகிறது. அதற்குச் சான்றிதழ் கொடுப்பதும் தாங்களே. சான்றுக்கு அடிப்படை ஐஎஸ்ஓ 17088 என்னும் தரம். ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸில், ஈரமும் காற்றும் குறையாத உரக்குவியலில், 180 நாளுக்குள் பொருளிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறிவிட வேண்டும் என்கிறது அது. எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ குறை உண்டு, வெயில் குறை என்று மட்டும் யாரும் மனு கொடுத்ததில்லை. ஆனாலும் கத்திரி வெயிலில் கள்ளக்குறிச்சி 40-ஐ எட்டினால்கூட 18 டிகிரி பாக்கி நிற்கிறது. வெள்ளிமலைக்கு ஏறினால் இருப்பதும் குறைந்துபோகும். பெரியார் அருவிக்கரையில் கிடக்கும் டம்ளருக்கு அந்தச் சூட்டை யார் கொண்டுவந்து கொடுப்பது?

மூலப்பொருள்மீது எங்களுக்குப் பகையில்லை. பிஎல்ஏ என்னும் பிளாஸ்டிக்கை மாவுச்சத்திலிருந்துதான் செய்கிறார்கள். மரவள்ளி விளையும் ஊர்க்காரர்களுக்கு அதில் சந்தோஷமே. செடியில் பிறந்தது என்பதாலேயே செடியைப் போல மட்கிவிடாது என்பதுதான் சிக்கல். சாதாரண மண்சூட்டில் பிஎல்ஏ அசையாமல் கிடக்கும். அது பூசிய தாள் கோப்பையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்தால், தாள் கூழாகிப் போக, உள்பக்கத்துப் படலம் மட்டும் வெங்காயத் தோல்போலக் கையோடு வரும். அந்தக் கோப்பை தன் ஆயுளில் 58 டிகிரியைப் பார்ப்பது ஒரே ஒரு தடவை, டீ ஊற்றும்போது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது. ஏட்டில் மட்கும் கோப்பை உரத்துக்கும் உதவவில்லை.

ஊருக்கு ஊர் உரக்கூடம் இருக்கிறதே என்பீர்கள். நியாயம். நன்றாகக் கட்டிய குவியலின் நடுவே 60 டிகிரிகூட ஏறும். ஆனால் சில வாரங்களில் இறங்கிவிடும், ஆறு மாதம் உங்களுக்காகக் காத்திராது. அதற்கும் முன்னால், தூய்மைக் காவலர் கையில் வரும் இரண்டு வெள்ளை டம்ளரில் எது மட்கும், எது மட்காது என்று கண்ணால் பிரிக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக ஒதுக்குவார், அவர்மேல் தப்பில்லை.

கரும்புச் சக்கைத் தட்டு? மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலை வைத்திருக்கிற மாவட்டத்துக்குச் சக்கை புதிதல்ல. சும்மா போட்டால் மட்கும், சந்தேகமேயில்லை. ஆனால் எண்ணெயும் குழம்பும் ஊறாதிருக்கச் சிலர் அதில் ஃபுளோரின் சேர்மங்களைச் சேர்த்தார்கள். அவை மண்ணில் லேசில் அழியாதவை. அமெரிக்காவில் மட்கும் பொருளுக்குச் சான்று தரும் அமைப்பு, 2020 முதல் பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு மேல் ஃபுளோரின் இருந்தால் முத்திரை கிடையாது என்றுவிட்டது. எதில் செய்தது என்று கேட்டால் போதாது, எதைத் தடவியது என்றும் கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

எல்லோரும் வாழையிலைக்குத் திரும்ப முடியுமா என்று கடைசியாகக் கேட்பீர்கள். முடியாதுதான், பஸ் ஸ்டாண்டு டீயை இலையில் ஊற்ற முடியாது. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றலாம், கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும், அவ்வளவே. பந்தியில் இலைக்கு ஐஎஸ்ஓ எண் கிடையாது. மாடே வந்து ஆய்வு செய்துவிட்டுப் போகிறது.

ஆகவே கல்வராயன் மலைக்கு ஆண்டில் ஆறு மாதம் 58 டிகிரி ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். நிதியில்லையென்றால், ஆஸ்திரேலியாவும் பிரான்சும் வகுத்ததுபோல, வீட்டு உரக்குழியின் சூட்டில் மட்குமா என்று பார்க்கும் தனித் தரம் போதும். அதுவும் ஆகாதென்றால், மட்கும் என்ற முத்திரைக்குப் பக்கத்திலேயே அது எந்த ஊர்க் கூடத்தில் மட்கும் என்று தமிழில் அச்சிடச் சொல்லுங்கள். கோப்பையில் இடம் தாராளமாக இருக்கிறது.

இப்படிக்கு,
40 டிகிரியில் வசிப்போர்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.