ஆகாய பயம்

கேள்வி: விமானம் ஏறுவதென்றாலே வயிற்றைக் கலக்குகிறது. பயம் தெளிய உபாயம் உண்டா? (திருச்சி வாசகர்)

பதில்: உண்டு. பறக்கும் காலத்தில் நேரக்கூடிய உச்சபட்ச பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்குமென்று நிரூபித்த பின்னரே பயணிகள் விமானத்தின் இறக்கைக்கு அனுமதி கிடைக்கிறது என்பதையும், குலுக்கலில் அது வளைந்து கொடுப்பது முறிவதற்கன்று, முறியாதிருப்பதற்கே என்பதையும் அறிந்தால் பாதி பயம் விலகும். மீதிக்கு, வால்பக்கத்தை விடுத்து, ஆட்டம் குறைந்த இறக்கையருகே ஆசனம் கேட்டு வாங்கி, சீட் பெல்ட்டைத் தளர்த்தாமல் அமருங்கள். என் அபிப்பிராயத்தில், சோதனை வரிசையில் இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தட்டிலிட்டு, ஒரு கையில் போர்டிங் பாஸும் மறு கையில் நழுவும் கால்சட்டையுமாகக் காவலர் முன் நிற்கும் க்ஷணமே யாத்திரையின் மெய்யான அபாயம். ஆதலால் நாடா வைத்த கால்சட்டையே அணிந்து செல்லுங்கள்.