சுவரோட்டைச் சித்தாந்தம்: வீட்டு வைஃபை மந்தம் குறித்த ஆராய்ச்சி

வீட்டு வைஃபை ஏன் மந்தமாகிறது என்னும் வினாவுக்கு விடை கூறும் மரபுகள் தமிழ்நாட்டில் மூன்று. ஒன்று, அணைத்துப்போடு மரபு. இன்னொன்று, ஆன்டெனாத் திருகு மரபு. மற்றது பக்கத்து வீட்டு மரபு. "நம்ம பாஸ்வேர்டு வெளியே போயிடுச்சு" என்பது இதன் மூல வாக்கியம். மூன்றுக்கும் குடும்பந்தோறும் குரு பரம்பரை உண்டு. ஒரே வீட்டில் மூன்று மரபினரும் சேர்ந்து வாழ்வதும் உண்டு. மூன்றையும் ஆராய்ந்து, தள்ள வேண்டியதைத் தள்ளி, நான்காவதாக ஒன்றை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அணைத்துப்போடு மரபினர் எண்ணிக்கையில் பெரியவர்கள். காரணம் தெரியாமலே காரியம் நடந்துவிடுவதால் இம்மரபு ஏறக்குறைய ஒரு சமயமாகவே ஆகிவிட்டது. காரணம் இல்லாமலும் இல்லை. ரூட்டர் ஒரு சின்னக் கணினி. வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் அது தன் அட்டவணையில் குறித்துவைக்கிறது. மாதக்கணக்கில் ஓய்வின்றி ஓடும் மலிவான பெட்டியில் நினைவகம் நிரம்பித் தள்ளாட்டம் தொடங்கும். அணைத்தால் அட்டவணை துடைத்தெறியப்படும். மறுபடி எழும்போது எந்தச் சேனலில் பேசலாம் என்று பெட்டி புதிதாகத் தேர்ந்தெடுக்கவும் வாய்ப்புண்டு. "பத்து எண்ணிட்டுப் போடு" என்று பெரியவர்கள் சொல்வதும் மூடநம்பிக்கை அன்று. உள்ளே கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய அந்த அவகாசம் வேண்டும். ஆனால் நோய் வேறிடத்தில் இருந்தால் இம்மருந்து அரைமணி நேரம் கேட்கும். பிறகு பழைய குருடி, கதவைத் திறடி.

இம்மரபில் ஒரு தீவிரப் பிரிவும் உண்டு. அவர்கள் பெட்டியின் முதுகில் இருக்கும் சிறு துவாரத்தில் ஊக்கை விட்டுக் குத்துவர். அது அணைத்துப்போடுதல் அன்று, பூர்வஜென்ம நினைவையே அழித்தல். யூசர் நேமும் போய், பாஸ்வேர்டும் போய், லைன்மேன் வந்தால்தான் விமோசனம் என்றாகிவிடும். அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை.

ஆன்டெனாத் திருகு மரபை விரைவில் முடித்துவிடலாம். படுக்கையறையில் சிக்னல் இல்லையென்றால் ஆன்டெனாவைப் படுக்கையறை நோக்கிச் சாய்க்க வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. குச்சி ஆன்டெனாவிலிருந்து அலை நுனி வழியாகப் பீறிடுவதில்லை. குச்சியில் உளுந்து வடையைக் கோத்ததுபோல அதைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் பரவுகிறது. நுனி நீளும் திசை வடையின் ஓட்டை. ஆக, குறிபார்த்து நீட்டுகிறவர் படுக்கையறைக்கு அனுப்புவது அந்த ஓட்டையைத்தான். ஃபிளாட்டாக இருந்தால் செங்குத்தாக நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிடலாம். மாடி வீடு என்றால் ஒன்றைக் கிடையாகச் சாய்க்கலாம்.

பக்கத்து வீட்டு மரபு அப்படி எளிதில் தள்ளத்தக்கதன்று. பக்கத்து வீட்டுக்காரர் குற்றவாளிதான். திருட்டுக் குற்றவாளி அல்லர், அவ்வளவே. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இல் உரிமம் தேவையற்றதாக அறிவிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றால் எல்லாரும் பேசுவார்கள்; அதிலும் அடுக்குமாடியில். அந்த அலைவரிசையில் நம் நாட்டில் 13 சேனல்கள் இருப்பதாகப் பெட்டி காட்டும். இது தாராளம்போலத் தோன்றும் கஞ்சத்தனம். சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒருவர் பேசுவதற்கு வேண்டிய அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆக ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார வழக்கமாகக் கொள்ளப்படும் இடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. நாற்பது வீடுள்ள வளாகத்துக்கும் அதே மூன்றுதான்.

இங்கே அறிவாளி ஒருவர், "ஆறில் கூட்டம், ஒன்றிலும் கூட்டம், நாம் மூன்றில் உட்கார்ந்தால் என்ன?" என்று தடை எழுப்புவார். கூடாது என்க. ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காதுகொடுத்துக் கேட்டு, முடியும்வரை காத்திருந்து பேசும். வைஃபையின் அடிப்படை நாகரிகமே அது. மூன்றில் உட்கார்ந்தவர் பேசுவது ஒன்றுக்கும் ஆறுக்கும் பேச்சாகக் கேட்காது, இரைச்சலாகத்தான் கேட்கும். அவர்களுடையதும் இவருக்கு அப்படியே. மூன்று தெருவும் கெடும். இதே அலைவரிசையில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று; வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவை சுற்றில் ஒரு பாதியில்தான் அலையை உமிழும். அடுப்பருகே நின்று வீடியோ பார்ப்பவருக்குப் படம் உறையாமல் திக்கித் திக்கியாவது வருவது அந்த மறுபாதியின் தயவு.

ஆகவே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுக என்பர் ஒரு சாரார். இடம் அங்கே தாராளம். அடுப்பின் தொல்லையும் இல்லை. (பெட்டி வாங்கிய அன்றே அதன் பெயரில் "5ஜி" என்று பார்த்துவிட்டு, மொபைலில் வரும் 5ஜி வீட்டுக்கும் வந்துவிட்டதாக உறவினருக்கெல்லாம் அறிவிப்பவரை இக்கட்டுரை மன்னிக்கிறது.) ஆனால் அந்த அலை சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். நம் வீட்டுச் சுவர்கள் எப்படிப்பட்டவை, ரூட்டர் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. இதுவரை சொன்னதெல்லாம் பாயிரம்.

இனி சித்தாந்தம். ஒரு வீட்டின் வைஃபை வேகத்தைத் தீர்மானிப்பது இணைய நிறுவனமும் அன்று, ரூட்டரின் விலையும் அன்று. லைன்மேன் முதல்நாள் எந்த இடத்தில் சுவரில் ஓட்டை போட்டார் என்பதே. மற்ற அனைத்தும் அந்த ஓட்டையின் விளைவுகள்.

அந்நிகழ்ச்சியைக் கிட்டத்தில் போய்க் காண்போம். இளைஞர் ஒருவர் தோளில் கறுப்பு ஒயர்ச் சுருளும் கையில் டிரில்லுமாக வருகிறார். "பாக்ஸ் எங்க சார் வைக்கணும்?" என்கிறார். தமிழ்க் குடும்பங்களில் பெண் பார்ப்பதற்கும் மனை வாங்குவதற்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் யோசிப்பதில்லை. "டிவி கிட்ட வச்சிடுப்பா" என்கிறார் குடும்பத் தலைவர். சமையலறையிலிருந்து தலைவி எட்டிப்பார்த்து, "தம்பி, இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு, புதுசா ஓட்டை கீட்டை போட்டுடாதே. கேபிள்காரன் போட்டது ஜன்னல் ஓரமா இருக்கு பாரு" என்கிறார். இளைஞருக்கும் அதுதான் வசதி. "ஒயர் அதுக்கு மேல வராதும்மா" என்று ஒப்புக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் வேலையை முடித்து, வாசலை ஒட்டிய மூலையில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் பெட்டியை நிறுவிவிட்டுப் போகிறார். பச்சை விளக்கு மின்னுகிறது. அந்த வீட்டின் அடுத்த பத்தாண்டு அங்கே எழுதப்பட்டாயிற்று.

கொஞ்ச நாளில் அழகுணர்ச்சி விழிக்கும். விளக்குகள் மின்னுவதும் ஒயர் தொங்குவதும் கண்ணை உறுத்துகின்றன. பெட்டி ஷோகேஸுக்குள் இடம்பெயர்கிறது. கொலுவில் எஞ்சிய பித்தளைக் குத்துவிளக்குக்கும் மகன் பள்ளியில் வாங்கிய கேடயங்களுக்கும் பின்னால், கண்ணாடிக் கதவு சாத்தப்பட்டு, அது வாழத் தொடங்குகிறது. உலோகம் அலையைத் திருப்பியடிக்கும். ஷோகேஸின் முதுகில் ரசம் பூசிய கண்ணாடி இருந்தால் அதுவும் அப்படியே. எதிர்ப்பக்கம் மீன்தொட்டி வைத்திருப்போர் கவனிக்க: தண்ணீர் அலையைக் குடித்துவிடும்.

இனிச் சுவர். ஃபிளாட்டில் உள்சுவர் நாலரை இஞ்ச், வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச். நாலரை இஞ்ச் செங்கலை அலை ஒருவாறு ஊடுருவும். கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் பீமும் குறுக்கே வந்தால் திணறும். வாசல் மூலையிலிருந்து கடைசிப் படுக்கையறைக்குப் போகும் அலை நேராகப் போவதில்லை, மூலைவாட்டில் போகிறது. அப்போது நாலரை இஞ்ச் ஆறு ஏழு இஞ்சாக நீள்கிறது. நடுவே பாத்ரூம், அதன் டைல்ஸ், தண்ணீர்க் குழாய். கடைசியில் அந்த அறையின் இரும்பு பீரோ. மறுபுறம், வாசல் மூலையில் இருக்கும் பெட்டியின் அலையில் பாதி படிக்கட்டுக்கும் எதிர் ஃபிளாட்டுக்கும் போகிறது. எதிர்வீட்டுப் பையன் நம் வைஃபையைத் திருடுகிறான் என்ற ஐயத்துக்கு வித்து இதுவே; அவன் போனில் நம் பெயர் முதலாவதாகத் தெரியும்.

ஒவ்வொரு மூன்று டெசிபெல் இழப்புக்கும் ஆற்றல் பாதியாகும். ரூட்டரின் அருகே மைனஸ் 30 டிபிஎம் அளவில் இருக்கும் சிக்னல், மைனஸ் 67 வரை இறங்கினாலும் வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80-ஐ நெருங்கினால் "ஹலோ, கேக்குதா?" மட்டுமே மிஞ்சும். வாஸ்து நிபுணர்கள் இந்தத் துறைக்குள் இன்னும் நுழையாதது வியப்பு. ஈசான்யம், அக்னி என்று எதற்கும் ஒரு மூலை சொல்லும் சாத்திரத்துக்கு, மூலையே ஆகாத ஒரு பொருள் வீட்டுக்குள் வந்திருப்பது சங்கடம்தான்.

ஓட்டையின் இரண்டாம் தலைமுறை விளைவு இன்னும் நுட்பமானது. கடைசி அறையில் பாட்டியின் பழைய டேப்லெட்டில் கந்த சஷ்டிக் கவசம் ஓடுகிறது. சிக்னல் மெலிந்த இடத்தில் கருவி மெதுவாகப் பேசும். அதே பாட்டை வாங்கிக்கொள்ள அதற்குப் பல மடங்கு நேரம் ஆகும். அலைவெளியில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம் என்பதால், அந்த நேரமெல்லாம் ஹாலில் ரூட்டருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பேரனும் காத்திருக்கிறான். ரூட்டர் மூலையில் இருக்கும்வரை பாட்டிக்கும் பேரனுக்கும் விமோசனம் இல்லை.

ஓட்டைக்குத் தொடர்பில்லாத மந்தமும் உண்டு என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து குடும்பமே திரும்பிய இரவைக் கவனியுங்கள். எல்லாப் போன்களும் சார்ஜில். எல்லாமே முகூர்த்த வீடியோவை மேகத்துக்கு ஏற்றத் தொடங்குகின்றன. மேலேறும் பாதை நிரம்பினால் ரூட்டர் அனுப்ப வேண்டியதை வரிசையில் குவித்துவைக்கும். கீழிறங்கும் பாதை காலியாகக் கிடந்தாலும், ஒரு பக்கத்தைக் கேட்கும் சிறு வேண்டுகோள்கூட அந்த வரிசையின் வாலில் நிற்க வேண்டும். சில மில்லிவினாடியில் வரவேண்டிய பதில் அரை வினாடி கழித்து வரும். அன்றிரவு ரூட்டரைத் தட்டுவதில் பயனில்லை, தூங்கப் போகலாம்.

வெளியிலிருந்து வரும் ஃபைபரும் சில சமயம் காரணம். ஜன்னல் கம்பியில் இறுக்கி முடிச்சுப் போட்டால் கண்ணாடி இழையிலிருந்து ஒளி கசியும். மின்தடைக்கு அணில்களும் காரணம் என்று 2021-இல் அன்றைய மின்துறை அமைச்சர் சொன்னபோது ஊரே சிரித்தது. கேபிள்காரர்கள் சிரித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அணில் ஒயரைக் கடிக்கும். ஒளி அறவே நின்றால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அது மந்தம் அன்று, மரணம்.

நோய் எங்கே என்று பிரித்தறிய ஒரே சோதனை போதும். லேப்டாப்பை ஒயர் வழியாக ரூட்டரில் சொருகி வேகத்தை அளக்க வேண்டும். ஒயரிலும் மந்தம் என்றால் நிறுவனத்தோடு சண்டை போடலாம். ஒயரில் சரியாக இருந்தால் சண்டை வீட்டுக்குள்தான். எவ்வளவு பணம் கட்டினாலும் ஒயரில் 94-95 மெகாபிட்டைத் தாண்டவில்லையா? பெட்டியின் துளையே 100 மெகாபிட் துளை, அல்லது கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பியில் ஏதோ அறுந்திருக்கிறது. நூறுக்கு இரண்டு ஜோடி போதும். ஆயிரத்துக்கு நான்கும் வேண்டும். அளக்கும்போது பிட்டும் பைட்டும் வேறு என்பதை மறக்கலாகாது: நூறு மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான். 2004-இல் அரசு 256 கிலோபிட்டையே பிராட்பேண்ட் என்றது; 2023-இல்தான் அது 2 மெகாபிட் ஆனது. நம் கோபத்துக்கு அரசாங்க வரையறையில் இடமே இல்லை.

"பூஸ்டர் ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே" எனின், அதைப் பெரும்பாலோர் சிக்னலே வராத அறையில் மாட்டுகிறார்கள். அதற்கும் சிக்னல் வர வேண்டும். பாதி வழியில் மாட்டினால்தான் வாங்கித் தர முடியும். அதிலும் ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் செய்தால் வேகம் பாதியாகும்.

பரிகாரம், பழைய பெட்டியை ஓட்டையருகே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு லேன் கேபிளை வீட்டின் நடுவுக்கு இழுத்து இரண்டாவது ரூட்டர் ஒன்றை வைப்பது. நூறு மீட்டர் வரை அந்த கேபிளில் வேகம் குறையாது. அவ்வளவு நீளமான ஃபிளாட் சென்னையில் யாரிடமும் இல்லை. புதிதாகக் கட்டுவோர், பூச்சு வேலைக்கு முன்னரே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வாசலிலிருந்து ஹாலின் நடுக்கூரைக்கு ஒரு வெறும் பைப் பதித்துவிடலாம். படுக்கையறைதோறும் ஏசி பாயின்ட் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இது பெரிய செலவன்று.

இச்சித்தாந்தத்துக்கு எதிராக எழுந்துள்ள வலுவான தடை ஒன்றே: ஹாலின் நடுக்கூரையில் ஏற்கெனவே ஃபேன் இருக்கிறது. அதை ஓரடி தள்ளிப் போடலாம் என்ற என் முன்மொழிவு இல்லத்தின் பரிசீலனையில் இருக்கிறது.