பதினாறு அறை அதிகாரிக்கு ஒரு மனு

அனுப்புநர்: படம் எடுத்தவர் (உரிமையாளர் யார் என்பது தங்கள் முடிவுக்கு உட்பட்டது)
பெறுநர்: பொறுப்பு அலுவலர், ஆப்பிள் போட்டோஸ் நூலகம், மேக் கணினி
பொருள்: சொந்தப் படங்களைக் கண்ணால் காண அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கேமராவிலிருந்து வரும் படங்களைத் தாங்கள் வரவேற்கும் அழகே தனி. கேமரா வைத்த பெயர் 'ஐஎம்ஜி 2041'. அற்பப் பெயர்தான், 9999 வந்ததும் மறுபடி 0001-இல் தொடங்கிவிடும். தாங்களோ, நான்கு சிறுகோடுகளையும் சேர்த்து 36 எழுத்தில், சொந்தத் தாயே வாசிக்க முடியாத பெயர் சூட்டுகிறீர்கள். பிறகு குடியமர்த்தல். 0 முதல் 9, ஏ முதல் எஃப் என்று மொத்தம் 16 அறைகள். புதுப்பெயரின் முதலெழுத்து எதுவோ அதுவே அறை. தாலி கட்டும் படம் 3-ஆம் அறையில், அடுத்த நொடி விழுந்த அட்சதை எஃப் அறையில். வெளியே நின்று பார்த்தால் மொத்த நூலகமும் ஒரே கோப்பு. வலது கிளிக் செய்து 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' என்று கேட்கும் துணிச்சல்காரருக்கு மட்டுமே கதவு திறக்கும்.

2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலீனா வரும் வரை, வருடம், மாதம், நாள் என்று அடுக்கிய ஃபோல்டர்கள் உள்ளே இருந்தன. மனிதனுக்கும் புரிந்து தொலைத்தது. அந்தக் குறையைத் தாங்கள் நீக்கிவிட்டீர்கள்.

நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு போன்களிலிருந்து இரண்டு 2041 வந்தாலும் தங்களிடம் மோதல் இல்லை. வெட்டினாலும் வெளுப்பாக்கினாலும் மூலப்படத்தைத் தொடுவதில்லை. இந்த ஒழுக்கம் பல அலுவலகங்களில் கிடையாது.

ஆனால் பதிவேடு, ஐயா! பாட்டியின் முகத்துக்கு நாங்கள் உட்கார்ந்து எழுதிய பெயர், சேர்த்த ஆல்பம், எல்லாம் தங்கள் தரவுத்தளத்தில் மட்டுமே. படத்தின் கோப்புக்குப் பாட்டி யாரென்றே தெரியாது. கேமராக் கடிகாரம் தவறி, தேதியைத் திருத்தினால் அந்தத் திருத்தமும் பதிவேட்டோடு சரி. மூலக் கோப்பில் பழைய தேதியே. பதிவேடு கரைந்தால் எங்களுக்கு மிஞ்சுவது 16 அறை நிறைய 36 எழுத்துகள்.

"நூலகத்துக்குள் நகலெடுக்க வேண்டாம் என்று அமைப்புகளில் டிக்கை எடுத்துவிடலாமே" என்பீர்கள். எடுத்தால் படங்கள் எங்கள் ஃபோல்டரிலேயே இருக்கும், உண்மை. கூடவே அவற்றை ஐகிளவுட் ஏற்றுக்கொள்ளாது என்பதும் உண்மை. வெளியில் வீடு கட்டியவனுக்கு ரேஷன் கிடையாது!

தங்கள் பதவியும் நிரந்தரமல்ல. 2002-இல் பொறுப்பேற்ற ஐபோட்டோ 2015-இல் நாற்காலியைத் தங்களிடம் விட்டுப் போனார். 2016-இல் கூகுளின் பிகாசா கடையை மூடியபோது, படங்கள் அவரவர் ஃபோல்டரில் இருந்த இடத்திலேயே இருந்தன. ஏழை அலுவலகம், அறை கட்ட வசதியில்லை போலும்.

எனவே தேதிவாரி ஃபோல்டர் முறையைத் திரும்பக் கொண்டுவரவும், நாங்கள் எழுதும் பெயர்களைப் படத்தோடு ஒட்டி வைக்கவும் வேண்டுகிறோம். உத்தரவு வரும்வரை, ஆண்டுதோறும், மாற்றம் செய்யாத மூலப்படங்களை, பழைய 'ஐஎம்ஜி' பெயரிலேயே, தனி ஹார்டு டிஸ்க்குக்கு ஏற்றுமதி செய்துகொள்வோம். இதைத் தங்கள்மீதான அவநம்பிக்கையாகக் கருத வேண்டாம். அவநம்பிக்கைதான், இருந்தாலும் கருத வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நூலகத்தில் அடைபட்ட படங்களின் முன்னாள் உரிமையாளர்